செஸ் எஞ்சினுக்கு எந்தப் பிராசஸர்? புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சதுரங்க நிலைகளை அலசிச் சிறந்த நகர்த்தலைச் சொல்லும் நிரல்தான் செஸ் எஞ்சின். அதை ஓட்ட எந்தப் பிராசஸர் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இப்போது கையில் இருக்கும் கணினியில் வினாடிக்கு எத்தனை நோட் வருகிறது? பெரும்பாலானவர்களுக்கு அந்த எண் தெரிந்திருக்காது. அதைப் பார்க்காமலே புதிய கணினிக்குப் பணம் ஒதுக்கியிருப்பார்கள். பார்த்த பிறகு சிலருக்குப் புதிது வாங்கும் தேவையே போய்விடுகிறது. மற்றவர்களுக்கு எதற்காக வாங்குகிறோம் என்பதாவது தெளிவாகிறது. அதனால் இந்தக் கட்டுரையில் வாங்குவது பிறகுதான் வரும். முதல் மூன்று படிகளும் தேவையை அறிந்து, இருப்பதை அளப்பது பற்றித்தான்.

நோட் என்பது எஞ்சின் தன் தேடலில் எட்டிப் பார்க்கும் ஒரு நிலை. ஒரு வினாடியில் எத்தனை நிலைகளைப் பார்க்கிறது என்பதே அதன் வேகம். திரையில் ‘என்பிஎஸ்’ என்ற மூன்றெழுத்தின் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும் எண் அதுதான்.

## படி 1: எதற்காக என்று முடிவு செய்யுங்கள்

2009 ஆகஸ்டில் புவெனஸ் அயர்ஸில் நடந்த மெர்கோசூர் கோப்பைப் போட்டியில், பாக்கெட் ஃபிரிட்ஸ் 4 என்ற நிரல் ஒரு கைபேசியில் ஓடி, 10 சுற்றுகளில் 9½ புள்ளி எடுத்து முதலிடம் பிடித்தது. அந்தக் கைபேசி வினாடிக்கு 20,000 நிலைகளைக்கூடப் பார்க்கவில்லை. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், 1997-ல், அப்போதைய உலகச் சாம்பியன் காஸ்பரோவை 3½–2½ என்று வென்ற ஐபிஎம் நிறுவனத்தின் டீப் ப்ளூ கணினி வினாடிக்கு சுமார் 20 கோடி நிலைகளைப் பார்க்கும் திறன் கொண்டது. அதற்காக 480 தனிச் சில்லுகள் செய்து பொருத்தியிருந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் வளர்ந்தது சில்லு மட்டுமல்ல, தேடும் முறையும்தான். இன்றைய முன்னணி எஞ்சின்களில் ஒன்றான ஸ்டாக்ஃபிஷ், சாதாரண லேப்டாப்பில் ஒரே ஒரு கோரில் (பிராசஸருக்குள் தனித்து இயங்கும் ஒரு கணக்கிடும் பகுதி) ஓடினாலும் எந்த மனிதரையும்விட வலிமையானது.

ஆகவே, ஆடி முடித்த ஆட்டங்களைப் போட்டு எங்கே தவறினோம் என்று பார்ப்பதுதான் உங்கள் வேலை என்றால், கடந்த பத்தாண்டுகளில் வந்த ஏறக்குறைய எந்தப் பிராசஸரும் போதும். குதிரையை வெட்டுக் கொடுத்ததைக் கண்டுபிடிக்க எஞ்சினுக்கு ஒரு வினாடிகூட ஆகாது. பிராசஸரை இரண்டு மடங்கு வேகமாக்கினால் அரை வினாடியில் சொல்லும், அவ்வளவுதான்.

வேகம் உண்மையிலேயே தேவைப்படுவது வேறு இடங்களில். தொடக்க ஆட்டத்தை ஆழமாகத் தயார் செய்பவர்களுக்கு ஒரே நிலையை மணிக்கணக்கில் ஓட விட வேண்டியிருக்கும். அஞ்சல்வழிச் சதுரங்கம் ஆடுபவர்களுக்கு இன்னும் அதிகம் தேவை. அங்கே பல போட்டிகளில் எஞ்சின் உதவியை விதிகளே அனுமதிக்கின்றன. ஒரு நகர்த்தலுக்கு நாள்கணக்கில் நேரமும் உண்டு. எஞ்சின்களை ஒன்றோடொன்று மோத விட்டு ரசிப்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்டாக்ஃபிஷின் சோதனை ஆட்டங்களுக்குத் தங்கள் கணினி நேரத்தைத் தானமாகத் தருபவர்களும் இருக்கிறார்கள். இந்த நான்கில் ஒன்று நீங்கள் என்றால், இனி வரும் ஒவ்வொரு படியும் உங்களுக்குப் பணத்தை மிச்சப்படுத்தும். ஆடி முடித்த ஆட்டங்களைப் பார்ப்பது மட்டும் என்றால் படி 3 வரை படித்தால் போதும்.

## படி 2: எஞ்சின் பிராசஸரிடம் என்ன வேலை வாங்குகிறது?

இதைப் புரிந்துகொள்ளாமல் விவரப் பட்டியலைப் படித்துப் பயனில்லை. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமும் இதுதான் என்பதால் சற்று நிதானமாகவே சொல்கிறேன்.

சதுரங்கப் பலகையில் 64 கட்டங்கள். இன்றைய பிராசஸர் ஒரே மூச்சில் கையாளும் எண்ணின் நீளம் 64 பிட். கட்டத்துக்கு ஒரு பிட் வைத்துக்கொண்டால், ‘வெள்ளைச் சிப்பாய்கள் எங்கெங்கே நிற்கின்றன’ என்ற கேள்விக்கு ஒற்றை எண்ணே பதில். தொடக்க நிலையில் அந்த எண்ணில் எட்டு பிட்கள் மட்டும் 1, மற்றவை 0. எட்டுச் சிப்பாய்களையும் ஒரு கட்டம் முன்னே தள்ள வேண்டுமா? அந்த எண்ணை எட்டு இடம் நகர்த்தினால் முடிந்தது. ஒரே கட்டளை, எட்டுச் சிப்பாய்கள். குறுக்காக வெட்டுவதற்கு ஏழு அல்லது ஒன்பது இடம் நகர்த்தி, எதிரியின் காய்கள் நிற்கும் இடங்களைக் குறிக்கும் எண்ணோடு ஒப்பிட்டால் எந்தக் காய்களை வெட்டலாம் என்பதும் ஓரிரு கட்டளைகளில் வந்துவிடும். பலகையை இப்படி எண்ணாக வைத்திருப்பதற்கு பிட்போர்டு என்று பெயர்.

இந்த எண்களோடு விளையாடப் பிராசஸர்களில் சில சிறப்புக் கட்டளைகள் உண்டு. ஓர் எண்ணில் எத்தனை 1 இருக்கிறது என்று எண்ணிச் சொல்வது ‘பாப்கவுண்ட்’. யானையின் பாதையில் எந்தெந்தக் கட்டங்களில் காய் நிற்கிறது என்பதை மட்டும் பிடுங்கி எடுத்து வரிசையாக அடுக்கித் தருவது ‘பெக்ஸ்ட்’. இது பிஎம்ஐ2 என்ற தொகுப்பில் வருகிறது. இன்டெல்லில் 2013-ல் வந்த ஹாஸ்வெல் தலைமுறையிலிருந்து இது உண்டு.

அடுத்தது மதிப்பீடு. ஒரு நிலை யாருக்குச் சாதகம் என்பதை முன்பெல்லாம் மனிதர் எழுதிய விதிகளால் கணக்கிட்டார்கள். 2020 செப்டம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 12 முதல் அந்த வேலையைச் சிறிய நரம்பணுப் பின்னல் (நியூரல் நெட்வொர்க்) ஒன்று செய்யத் தொடங்கியது. ஜப்பானியச் சதுரங்கமான ஷோகிக்காக யூ நாசு 2018-ல் வடிவமைத்த என்என்யூஇ முறை அது. ஒரு காய் நகர்ந்தால் பின்னல் முழுவதையும் மறுபடி கணக்கிடாமல், முதல் அடுக்கில் மாறிய பகுதியை மட்டும் கூட்டிக் கழித்துக்கொள்வது இதன் சாமர்த்தியம். இது வந்தபோது வினாடிக்குப் பார்க்கும் நிலைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. ஆட்டத்தின் வலிமையோ பெருமளவு கூடியது. வெவ்வேறு எஞ்சின்களின் நோட் எண்ணிக்கையை வைத்து எது பெரியது என்று பேசுவது வீண் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

பின்னலின் கணக்கு முழுக்கச் சின்னச் சின்ன முழு எண்களின் கூட்டலும் பெருக்கலும்தான். அவற்றை ஒவ்வொன்றாகச் செய்யாமல் கூட்டமாகச் செய்யும் வசதி பிராசஸருக்கு இருந்தால் வேகம் எகிறும். ஏவிஎக்ஸ்2 வசதி உள்ள பிராசஸர் 256 பிட் அகலத்தில் வேலை செய்யும். அதாவது 16 பிட் எண்கள் பதினாறை ஒரே கட்டளையில் கூட்டும். ஏவிஎக்ஸ்-512 இருந்தால் அதன் இரு மடங்கு.

செஸ் எஞ்சினுக்குப் பிராசஸர் தேர்வு செய்கிறோம் என்றால், பார்க்க வேண்டியவை மூன்றுதான்: இந்தக் கட்டளைத் தொகுப்புகள், முழு பலத்தோடு ஓடும் கோர்கள், அந்த வேகத்தை மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் குளிர்விப்பு. விளம்பரத்தில் பெரிதாகப் போடும் கிகாஹெர்ட்ஸ் எண் இவற்றுக்குப் பிறகுதான்.

## படி 3: இருக்கும் கணினியை அளந்து பாருங்கள்

ஸ்டாக்ஃபிஷைத் தரவிறக்கப் போனால் ஒரே பதிப்புக்குப் பல கோப்புகள் இருக்கும். பெயரின் கடைசியில் ஏவிஎக்ஸ்2, பிஎம்ஐ2, விஎன்என்ஐ, எஸ்எஸ்இ41 என்று ஏதாவது ஒட்டியிருக்கும். எல்லாம் ஒரே எஞ்சின்தான். பிராசஸரின் எந்த வசதியைப் பயன்படுத்தி இயந்திர மொழிக்கு மாற்றினார்கள் என்பதில்தான் வேறுபாடு. பழைய பிராசஸருக்கான கோப்பு புதியதிலும் ஓடும், மெதுவாக. புதியதற்கான கோப்பு பழையதில் திறந்த உடனே மூடிக்கொள்ளும். ஆபத்து எதுவும் இல்லை, அடுத்ததை முயன்று பார்க்கலாம்.

நான் தொடங்கிய காலத்தில் ‘எல்லாக் கணினியிலும் ஓடும்’ என்று போட்டிருந்த கோப்பை எடுத்து, மாதக்கணக்கில் அதையே பயன்படுத்தினேன். லேப்டாப் மெதுவாக இருக்கிறது, மாற்ற வேண்டும் என்று விலை விசாரித்துக்கொண்டும் இருந்தேன். ஒரு நாள் ஏவிஎக்ஸ்2 கோப்பை மாற்றிப் போட்டதும் அதே லேப்டாப்பில் அதே நிலையில் வேகம் கண்ணெதிரே ஏறியது. வாங்க நினைத்த லேப்டாப் தந்திருக்கக்கூடிய வேகத்தில் பெரும் பங்கு, செலவே இல்லாமல் ஒரு கோப்பில் இருந்தது. ஐந்து நிமிட வேலை என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அளப்பது இப்படி. எஞ்சின் கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறங்கள். ஒரு கறுப்புச் சாளரம் வரும். அதில் ஆங்கிலத்தில் ‘பெஞ்ச்’ (பி, இ, என், சி, ஹெச்) என்று தட்டி என்டர் அழுத்துங்கள். எஞ்சின் தனக்குள் வைத்திருக்கும் சில பத்து நிலைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தேடும். முடிந்ததும் கடைசியில் மூன்று வரிகள் நிற்கும்: எடுத்துக்கொண்ட நேரம், தேடிய மொத்த நோட்கள், வினாடிக்கு எத்தனை நோட்கள். இரண்டு மூன்று முறை ஓட்டி, மூன்றாவது வரியைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். உலாவி, வீடியோ எல்லாவற்றையும் மூடிவிட்டு ஓட்டுங்கள். லேப்டாப் என்றால் மின்னிணைப்பில் இருக்கட்டும்.

இரண்டாவது வரியையும் கவனியுங்கள். ஒரே பதிப்பை வெறும் ‘பெஞ்ச்’ கட்டளையில், அதாவது ஒரே திரெட்டில் (பிராசஸரில் ஒரே நேரத்தில் ஓடும் வேலைச் சரங்களில் ஒன்று) ஓட்டும்போது, தேடிய மொத்த நோட் எண்ணிக்கை எந்தக் கணினியிலும் கடைசி இலக்கம் வரை ஒன்றாகவே வர வேண்டும். கணினிக்குக் கணினி நேரம்தான் மாறும். உங்கள் எண்ணும் நண்பரின் எண்ணும் வேறாக இருந்தால் பதிப்பு வேறு, அல்லது கணினி எங்கோ தப்புக் கணக்குப் போடுகிறது. ராம் கோளாறையும், அளவுக்கு மீறி வேகம் ஏற்றிய பிராசஸரையும் இந்த ஒற்றை வரி காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து, பல திரெட்டுகளில் அளக்க ‘பெஞ்ச் 1024 8 26’ என்று தட்டுங்கள். முதல் எண் ஹேஷ், அதாவது தேடியதைக் குறித்து வைக்கும் நினைவகம், மெகாபைட்டில், இரண்டாவது திரெட்டுகள், மூன்றாவது தேடும் ஆழம். இங்கே 8 என்ற இடத்தில் உங்கள் பிராசஸரின் திரெட் எண்ணிக்கையைப் போட்டுக்கொள்ளுங்கள். பல திரெட்டுகளில் ஓட்டும்போது மொத்த நோட் எண்ணிக்கை முறைக்கு முறை மாறும், அது இயல்பு.

வாங்க நினைக்கும் பிராசஸர் யாரிடமாவது இருந்தால் அதே பதிப்பை, அதே கட்டளையோடு ஓட்டிச் சொல்லச் சொல்லுங்கள். இணையத்தில் கிடக்கும் பொதுவான தரவரிசை மதிப்பெண்களைவிட அந்த ஒரு எண்ணை நான் நம்புவேன்.

## படி 4: பெயரைப் பார்த்து ஏமாறாமல் விவரப் பட்டியலைப் படியுங்கள்

முதலில் கட்டளைத் தொகுப்பு. ஏவிஎக்ஸ்2 இல்லாத எதையும் இந்த வேலைக்காக வாங்காதீர்கள். பழைய பென்டியம், செலரான் பெயர்களில் வந்த பல சில்லுகளில் அது கிடையாது. 2021-ல் வந்த சிலவற்றில்கூடக் கிடையாது.

ஏஎம்டியில் பெக்ஸ்ட் பற்றி ஒரு சங்கதி. ரைசன் சில்லுகளின் உள்வடிவமைப்புக்கு ஜென் என்று பெயர். முதல் இரண்டு ஜென் தலைமுறைகளில் அந்தக் கட்டளை இருந்தும் மிக மெதுவாக ஓடியது. 2020-ல் வந்த ஜென் 3-ல்தான் சரியானது. எனவே ரைசன் 1000, 2000, 3000 வரிசை டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் பிஎம்ஐ2 கோப்பை விட்டுவிட்டு ஏவிஎக்ஸ்2 கோப்பைப் போட வேண்டும். ரைசன் 5000 என்றால் ஜென் 3 என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லவும் முடியாது. லேப்டாப்களுக்கான 5300யூ, 5500யூ, 5700யூ மூன்றும் உள்ளே ஜென் 2-தான். பெட்டியின் மேல் இருக்கும் ஆயிரத்தின் எண்ணை நம்பாமல் முழு மாடல் எண்ணைப் பார்த்து, உள்ளே எந்தத் தலைமுறை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஏவிஎக்ஸ்-512 இப்போது வீட்டுக் கணினிகளில் ஏஎம்டி பக்கம்தான் தாராளமாகக் கிடைக்கிறது. 2022-ல் வந்த ஜென் 4-ல் தொடங்கியது. 2024-ல் வந்த ஜென் 5 டெஸ்க்டாப் சில்லுகளில் 512 பிட் முழு அகலத்திலும் வேலை நடக்கிறது. இன்டெல் 11-ஆம் தலைமுறை டெஸ்க்டாப்பில் கொடுத்துவிட்டு 12-ஆம் தலைமுறையில் எடுத்துவிட்டது. இருந்தால் நல்லது, அதற்காகவே நல்ல விலையில் கிடைக்கும் ஏவிஎக்ஸ்2 பிராசஸரை விட்டுவிட வேண்டியதில்லை.

அடுத்து கோர் எண்ணிக்கை. நான் பார்த்தவரை புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். 12-ஆம் தலைமுறை முதல் இன்டெல்லின் பெரும்பாலான சில்லுகளில் இரண்டு வகைக் கோர்கள் கலந்திருக்கின்றன: முழு வேகத்துக்கானவை, மின்சாரத்தை மிச்சப்படுத்துபவை. ஐ5-1235யூ என்ற லேப்டாப் சில்லை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து கோர் என்று விற்கிறார்கள். அதில் பெரிய கோர்கள் இரண்டே இரண்டு. மற்ற எட்டும் சின்னவை. ஐ5-13500-ல் பதினான்கு, அதில் பெரியவை ஆறு. சின்னக் கோர்களும் ஏவிஎக்ஸ்2 தெரிந்தவைதான். ஆனால் 12 முதல் 14 வரையிலான தலைமுறைகளில் அவை 256 பிட் வேலையை 128, 128 என்று இரண்டாகப் பிரித்துச் செய்கின்றன. ஆக, பின்னல் கணக்கில் ஒரு சின்னக் கோரைப் பெரிய கோருக்குச் சமமாக எண்ணவே கூடாது. பட்டியலைப் பார்க்கும்போது பெரிய கோர்களை முதலில் எண்ணுங்கள். சின்னவற்றை மேலதிகமாகக் கிடைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆப்பிளின் எம் வரிசைச் சில்லுகளில் இந்த ஏவிஎக்ஸ் கதை எதுவும் இல்லை. அவற்றுக்கு நியான் என்ற தனி வழி உண்டு. ஸ்டாக்ஃபிஷில் அதற்கெனத் தனிக் கோப்பும் உண்டு. மின்விசிறிச் சத்தமில்லாமல், அதிகம் சூடேறாமல் நல்ல வேகம் தருகின்றன. எடுத்துச் செல்லும் கணினியில் நீண்ட பகுப்பாய்வு செய்பவர்கள் தயங்காமல் பரிசீலிக்கலாம்.

பழைய சரக்கு வாங்குபவர்களுக்கு ஒன்று. இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சில்லுகள் பலவற்றில் மின்னழுத்தம் அளவு மீறிப் போய் நிலைகுலையும் சிக்கல் இருந்ததை 2024-ல் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தையும் நீட்டித்தது. ஏற்கெனவே பாதிக்கப்பட்ட சில்லைத் திருத்தம் குணப்படுத்தாது. அப்படி ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினால் மதர்போர்டின் பயாஸ் புதுப்பிக்கப்பட்டதா என்று கேளுங்கள். மேலே சொன்ன ‘பெஞ்ச்’ இரண்டாம் வரிச் சோதனையைப் பலமுறை ஓட்டிப் பார்த்தும் வாங்குங்கள்.

## படி 5: எத்தனை கோர் வரை போகலாம்?

எட்டுப் பேர் சேர்ந்தால் சுவர் எட்டு மடங்கு வேகமாக எழும். சதுரங்கத் தேடல் அப்படியல்ல. எஞ்சின் ஒரு நகர்த்தலை முழுதாகப் பார்த்த பிறகுதான், ‘இதைவிட மோசமானவற்றை மேற்கொண்டு பார்க்க வேண்டாம்’ என்று மற்ற கிளைகளை வெட்டித் தள்ள முடியும். முதலில் பார்த்ததன் விடை அடுத்ததற்குத் தேவை. வேலையின் இயல்பே வரிசைக்கிரமம்.

ஸ்டாக்ஃபிஷ் 7 முதல் இதற்கு ஓர் எளிய வழி பின்பற்றப்படுகிறது. எல்லாத் திரெட்டுகளும் ஒரே நிலையையே தேடுகின்றன. ஆனால் ஒரு பொதுக் குறிப்பேடு இருக்கிறது. ஹேஷ் அட்டவணை என்பது அதுதான். ஒரு திரெட் கண்டதை அதில் எழுதி வைக்கிறது. மற்றொன்று அதே நிலைக்கு வரும்போது படித்துக்கொண்டு வேலையை மிச்சப்படுத்துகிறது. எளிமையாக இருந்தாலும் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனாலும் சில நிலைகள் இருமுறை தேடப்படும். பதினாறு திரெட்டில் வினாடிக்கு வரும் நோட்கள் ஏறக்குறைய அதற்கேற்பப் பெருகும். அதே ஆழத்தை எட்டும் நேரமோ அந்த விகிதத்தில் குறையாது.

இரு மடங்கு வேகம் தரும் கூடுதல் வலிமையும் போகப் போகச் சுருங்குகிறது. ஒரு வினாடியிலிருந்து இரண்டு வினாடிக்குப் போனால் வித்தியாசம் தெரியும். ஒரு மணி நேரத்திலிருந்து இரண்டு மணிக்குப் போனால் பல நிலைகளில் அதே நகர்த்தலைத்தான் மறுபடி சொல்லும். என் கணிப்பில், தீவிரமாகத் தொடக்க ஆட்டம் தயார் செய்பவர்களுக்கு ஆறு முதல் எட்டு வரையிலான பெரிய கோர்கள் நிறைவான இடம். பதினாறு கோர் என்பது அஞ்சல்வழி ஆட்டக்காரர்களுக்கும், ஒரே நேரத்தில் பல ஆட்டங்களை ஓட்டிச் சோதிப்பவர்களுக்கும். சோதிப்பவர்களுக்கு மட்டும் இந்தத் தேய்மானக் கணக்கு பொருந்தாது. ஒவ்வொரு கோரிலும் தனித்தனி ஆட்டம் ஓடுவதால் கோர் எண்ணிக்கை கிட்டத்தட்ட முழுப் பலனையும் தரும்.

ஒரு கோரில் இரண்டு திரெட் ஓடும் வசதியை அணைத்துவிட வேண்டும் என்று பழைய ஆலோசனை ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. இன்றைய எஞ்சின்களுக்கு அது தேவையில்லை. இரண்டாவது திரெட் முழுக் கோருக்கு ஈடாகாது. சிறிதளவு கூடுதல் வேகம் தரும். எடுத்துக்கொள்ளுங்கள்.

## படி 6: சூடு

பத்து வினாடி ஓடும் சோதனையில் எல்லா லேப்டாப்பும் குதிரைதான். செஸ் எஞ்சினோ எல்லாக் கோர்களையும் நூறு சதவீதம் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் விடாது. மேலே சொன்ன 1235யூ சில்லின் அடிப்படை மின்செலவு 15 வாட். தற்காலிகமாக 55 வாட் வரை போகும். ‘தற்காலிகமாக’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. வேகமாகத் தொடங்கும், சூடேறும், பிறகு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இதையும் நீங்களே பார்க்கலாம். உங்கள் செஸ் நிரலில் தொடக்க நிலையை வைத்து, எல்லாத் திரெட்டுகளோடும் நேர வரம்பில்லாமல் ஓட விடுங்கள். முதல் நிமிடத்தில் என்பிஎஸ் எண்ணைக் குறியுங்கள். அரை மணி கழித்து அதே நிலையில் மறுபடி பாருங்கள். நிலையை மாற்றிவிடாதீர்கள், காய்கள் குறைந்த இறுதியாட்ட நிலைகளில் என்பிஎஸ் தானாகவே உயரும் என்பதால் ஒப்பீடு கெட்டுவிடும். அரை மணிக்குப் பிறகு வரும் எண்தான் உங்கள் பிராசஸரின் உண்மையான வேகம்.

அதனால்தான் நீண்ட பகுப்பாய்வுக்கு ஒரு நடுத்தர டெஸ்க்டாப், விலை கூடிய மெல்லிய லேப்டாப்பை எளிதாக மிஞ்சிவிடுகிறது. பிராசஸரில் ஒரு படி கீழே இறங்கி, மிச்சமாகும் பணத்தில் நல்ல கூலரும் தரமான மின்வழங்கியும் வாங்குவது புத்திசாலித்தனம். லேப்டாப்தான் வழி என்றால் அதை மெத்தை மேல் வைத்து ஓட்டாதீர்கள். அடியில் காற்று போக இடம் விடுங்கள். இரண்டு திரெட்டைக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். சில நேரம் சூடு குறைந்து, மொத்த வேகம் அப்படியே நிற்கும்.

## படி 7: பிராசஸரைச் சுற்றி இருப்பவை

பொதுக் குறிப்பேடு என்று சொன்ன ஹேஷ் அட்டவணை ராமில் இருக்கிறது. ஸ்டாக்ஃபிஷ் தானாக எடுத்துக்கொள்வது வெறும் 16 மெகாபைட். பல கோர்களோடு சில நிமிடம் ஓடினாலே அது நிரம்பி, எழுதியதை அழித்து எழுதத் தொடங்கும். ஒரு நிலைக்குச் சில நிமிடங்கள் தருபவர்களுக்கு ஒன்றிரண்டு கிகாபைட் போதும். இரவெல்லாம் ஓட்டுபவர்கள் மொத்த ராமில் பாதி வரை தரலாம். 16 கிகாபைட் ராம் பெரும்பாலானவர்களுக்குப் போதும், 32 தாராளம். ராமை ஒரே பட்டையாக வாங்காமல் இரண்டாக வாங்குங்கள். மற்றபடி ராமின் மெகாஹெர்ட்ஸ் எண்ணுக்காகக் கூடுதல் செலவு செய்யத் தேவையில்லை.

இறுதியாட்ட அட்டவணைகள் (காய்கள் குறைந்த நிலைகளின் சரியான முடிவை முன்பே கணக்கிட்டு வைத்த கோப்புகள்) வேண்டுமென்றால் எஸ்எஸ்டி வேண்டும். சிசிஜி அட்டவணைகளில் ஐந்து காய்கள் வரைக்குமானது சுமார் 1 கிகாபைட். ஆறு காய்கள் சேர்த்தால் 150 கிகாபைட் அளவுக்குப் போகும். ஏழு காய்கள் என்றால் ஏறத்தாழ 17 டெராபைட். வீட்டில் அதை வைத்துக்கொள்ள நினைக்காதீர்கள். ஐந்து காய் அட்டவணையை எல்லோரும் போட்டுக்கொள்ளலாம்.

கிராபிக்ஸ் கார்டு ஸ்டாக்ஃபிஷுக்குத் துளியும் உதவாது. லீலா செஸ் ஜீரோவுக்கு அதுதான் உயிர். 2017 டிசம்பரில் டீப்மைண்ட் அறிவித்த ஆல்ஃபா ஜீரோவின் வழியில் தன்னார்வலர்கள் 2018 முதல் வளர்த்துவரும் எஞ்சின் அது. பெரிய பின்னலை வைத்துக்கொண்டு மிகக் குறைவான நிலைகளையே பார்க்கும். பார்ப்பதை ஆழமாக மதிப்பிடும். பிராசஸரிலும் ஓடும் என்றாலும் பலம் வெளிப்படாது. இரண்டு எஞ்சின்களின் கருத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்படுபவர்கள், பிராசஸரை ஆறு கோரோடு நிறுத்திக்கொண்டு மீதியைக் கிராபிக்ஸ் கார்டில் போடுங்கள். லீலா தேவையில்லாதவர்கள் பிராசஸரோடு சேர்ந்து வரும் கிராபிக்ஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ‘செஸ் எஞ்சின் என்றால் கிராபிக்ஸ் கார்டு கட்டாயம்’ என்று யார் சொன்னாலும், எந்த எஞ்சின் என்று கேளுங்கள்.

## படி 8: வாங்கிய பிறகு

புதிய கணினியில் எஞ்சினைப் போட்டதும் திரெட் எண்ணிக்கை 1 என்றே இருக்கும். பதினாறு கோர் வாங்கிவிட்டு ஒரே திரெட்டில் ஓட்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். செஸ் நிரலின் எஞ்சின் அமைப்புகளில் போய், பிராசஸரின் மொத்தத் திரெட்டுகளில் ஒன்றிரண்டைக் கணினியின் மற்ற வேலைகளுக்கு விட்டுவிட்டு மீதியைக் கொடுங்கள். ஹேஷை அதன் பிறகு அமையுங்கள். எத்தனை வரிசைகள் காட்ட வேண்டும் என்ற இடத்தில் ஐந்து என்று வைத்தால், எஞ்சின் முதல் ஐந்து நகர்த்தல்களையும் முழுதாக ஆராய வேண்டியிருக்கும். முதல் வரிசையின் ஆழம் குறையும். தொடக்க ஆட்டத்தில் மாற்று வழிகளைத் தேடும்போது மூன்று வையுங்கள். ஒரு நிலையின் உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் ஒன்று.

விண்டோஸில் இன்னொரு மறைந்திருக்கும் வேகம் உண்டு. பயனர் உரிமைகளில் ‘நினைவகப் பக்கங்களைப் பூட்டும்’ அனுமதியை உங்கள் கணக்குக்குக் கொடுத்து, கணினியை மறுதொடக்கம் செய்தால், ஸ்டாக்ஃபிஷ் ஹேஷைப் பெரிய பக்கங்களாக எடுத்துக்கொள்ளும். பெரிய ஹேஷோடு ஓட்டும்போது என்பிஎஸ் எண்ணில் வித்தியாசம் தெரியும்.

எல்லாம் அமைத்து முடித்ததும் மறுபடி ‘பெஞ்ச்’ ஓட்டி, அந்த எண்ணையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதிக் கணினிப் பெட்டியின் உட்புறம் ஒட்டி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே பதிப்பில் அதே கட்டளையை ஓட்டுங்கள். எண் குறைந்திருந்தால் புதிய பிராசஸர் தேடாதீர்கள். மூடியைக் கழற்றி, விசிறியிலும் கூலர் தகடுகளுக்கு இடையிலும் படிந்த தூசியை மெல்லிய தூரிகையால் எடுத்துவிட்டு, இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள்.